பழி யார் மேல்?

மனைவிக்கு ஏழாம் மாதம் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த அன்று, அத்தை சர்வசாதாரணமாகச் சொன்னார்: “பொட்டப்புள்ளயா இருக்கும். அதான் அவள இந்தப் பாடு படுத்துது.”

நாள் முழுக்க லாக் ஃபைல்களைத் துருவி, பிழை எங்கே என்று தேடுகிறவன் நான். ஆதாரம் இல்லாமல் பழி விழுந்தால் சும்மா இருக்க முடியாது. அன்றிரவே படிக்க ஆரம்பித்தேன்.

இந்தப் பழி ரொம்பப் பழசு. ஆணைச் சுமப்பவளுக்கு முகம் பொலியும், பெண்ணைச் சுமப்பவள் வெளிறிப்போவாள் என்ற கருத்து ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூலிலேயே இருக்கிறது.

நம்பிக்கையை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜோசப் கிளார்க். டப்ளினில் ஏழைப் பெண்களுக்காக 1745இல் தொடங்கப்பட்ட பிரசவ மருத்துவமனையின் மருத்துவர். ரொட்டுண்டா என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. அங்கிருந்த பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். செத்துப் பிறந்தவர்களில் ஆண்களே அதிகம். ஏன்? குழந்தைகளை எடை போட்டார், தலையை அளந்தார். சராசரியாக ஆணுக்கு எடையும் கூட, தலையும் பெரிது. பெரிய தலை வெளியே வரக் கஷ்டம். போதாததற்கு, பெரிதாக வளரும் உடம்புக்குக் கருப்பையில் ஊட்டமும் அதிகம் வேண்டும். அது குறைந்தால் முதலில் அடிவாங்குவது ஆண்தான் என்று வாதிட்டார். ராயல் சொசைட்டியின் இதழில் 1786இல் அந்தக் கட்டுரை வந்தது.

இன்றைய ஆய்வுகளும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. குறைப்பிரசவமும் கர்ப்பகாலச் சர்க்கரையும் ஆண் கருவோடு சற்றே அதிகம். நஞ்சுக்கொடி குழந்தையின் மரபணுவில் இருந்து உருவாவது. அது சுரக்கும் ஹார்மோன்கள்தான் தாயின் இன்சுலினை மந்தமாக்குகின்றன. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கான வாந்தி மட்டும் பெண் கருவோடு கொஞ்சம் கூடுதல். எல்லாமே சின்ன வித்தியாசங்கள். லட்சம் பேரில் தெரியும். ஒருத்தியின் வயிற்றைப் பார்த்து ஜோசியம் சொல்ல உதவாது.

இதை அத்தையிடம் விளக்கினேன். ஜெயித்த தோரணை எனக்கு. அவர் முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

“உங்கப்பன் பொறக்கும்போது எங்கம்மா ரெண்டு நாள் வலியில கெடந்தா. நான் வாசல்லயே உக்காந்திருந்தேன். அதுக்காக அவன யாரும் ஒரு சொல்லு சொன்னதில்லடா.”

கொஞ்சம் பொறுத்துச் சேர்த்துக்கொண்டார்: “என்னத்தான் சொன்னாங்க.”