129 பொறிவண்டுகள்

போன வாரம் பால்கனி ரோஜாச் செடியில் மொட்டு முழுக்க அசுவினி. மருந்து ஸ்ப்ரேயோட போனேன். அதே மொட்டுல ஒரு பொறிவண்டு உட்கார்ந்திருந்துச்சு. அடிக்க மனசு வரல. காரணம், இன்னைக்குச் சொல்லப்போற கதை.

1868. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஓர் அகேசியா மரத்தில் புதுசா ஒரு செதில் பூச்சி தென்பட்டது. முதுகில் வெள்ளைப் பஞ்சு மாதிரி முட்டைப்பை. அசுவினி போலவே செடியின் சாற்றை உறிஞ்சும். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அடுத்த 20 வருஷத்துல ஆரஞ்சுத் தோப்புகளை நாசம் பண்ணிடுச்சு. மரத்தைக் கூடாரம் போட்டு மூடி, சயனைடு புகைகூட அடிச்சுப் பார்த்தாங்க. சிலர் மரங்களையே வெட்டிட்டாங்க.

அமெரிக்க அரசின் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி வேற மாதிரி யோசிச்சார்: ஆஸ்திரேலியாவில் இது ஏன் இவ்வளவு பெருகல? அங்கே இதைத் தின்ன யாரோ இருக்கணும். ஆனா அவர் துறையினர் அரசுச் செலவில் வெளிநாடு போகத் தடை. அதனால 1888இல் மெல்போர்ன் கண்காட்சிக்குப் போன குழுவோட ஆல்பர்ட் கோபெலேயைச் சேர்த்து அனுப்பினாங்க.

அவர் கண்டுபிடிச்சது சிவப்பும் கறுப்புமான ஒரு குட்டிப் பொறிவண்டு. பேர் வெடாலியா. முதல் மூணு பார்சலில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தவை மொத்தம் 129. கூடாரத்தால் மூடிய ஓர் ஆரஞ்சு மரத்தில் விட்டாங்க. சில மாசத்தில் அந்த மரம் சுத்தம். அங்கிருந்து தோப்பு தோப்பாகப் பரவி, ஓரிரு வருஷத்தில் தொழிலையே காப்பாத்திடுச்சு. பின்னாளில் நம்ம நீலகிரி வாட்டில் மரங்களுக்கு இதே பூச்சி வந்தப்பவும், இதே வண்டைத்தான் கொண்டுவந்தாங்க.

கதை இங்கேயே முடிஞ்சிருக்கலாம். 1940களில் டிடிடி வந்தது. வேற பூச்சிகளுக்காகத் தோப்புல அடிச்சாங்க. வெடாலியா செத்துப்போச்சு, செதில் பூச்சி தப்பிச்சு மறுபடி பெருகிடுச்சு. வண்டுகளைத் திரும்பத் தேடிக் கொண்டுவர வேண்டியதாச்சு.

பின்னணியில் சத்தமில்லாம ஓடுற ப்ரோகிராமை, எதுக்குன்னு தெரியாம அழிச்சா என்ன ஆகும்னு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். தோப்புலயும் அதேதான் நடந்தது.

ஒரு விஷயம். பொறிவண்டோட புழு அழகா இருக்காது. கறுப்பா, குட்டி முதலை மாதிரி இருக்கும். அசுவினியை அதுவும் நல்லாத் தின்னும். பார்த்தா நசுக்கிடாதீங்க. என் ஸ்ப்ரே பாட்டில் இப்போ அலமாரியில இருக்கு.