முட்டை கேட்டு வந்த டாக்டர்

இரண்டாம் உலகப்போர் சமயம். இத்தாலியில் துரின் நகரை ஒட்டிய கிராமங்களில் சைக்கிளில் ஒரு பெண் வீடு வீடாகப் போய் முட்டை கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு முட்டை போதாதாம், குஞ்சு பொரிக்கிற முட்டைதான் வேண்டுமாம். குழந்தைகளுக்கு அதில்தான் சத்து ஜாஸ்தி என்று காரணம் வேறு. அவருக்கோ குழந்தையும் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை.

பெயர் ரீட்டா லெவி மொண்டால்சினி. டாக்டருக்குப் படித்தவர். யூதர். 1938-ல் முசோலினி கொண்டுவந்த இனச் சட்டம் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து துரத்தியது. ரீட்டா அசரவில்லை. படுக்கையறையையே லேப் ஆக்கினார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தி செய்துகொண்டார். துரினில் குண்டு விழ ஆரம்பித்ததும் லேபோடு கிராமத்துக்குக் குடிபோனார். கருவை எடுத்தது போக மிச்ச முட்டை சமையலுக்கு.

அப்படி என்ன ஆராய்ச்சி? கோழிக் கருவில் கால் முளைக்கும் இடத்தை வெட்டிவிட்டால், அங்கே போகவேண்டிய நரம்பு செல்கள் காணாமல் போகின்றன. அவை சரியாக உருவாவதே இல்லை என்பது அமெரிக்காவில் இருந்த விக்டர் ஹாம்பர்கரின் கட்சி. இல்லை, உருவாகின்றன, போய்ச்சேரும் இடத்திலிருந்து வரவேண்டிய ஏதோ ஒன்று வராததால் செத்துப்போகின்றன என்றார் ரீட்டா. ஹாம்பர்கர் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டு அனுப்பினார். 1947-ல் சில மாதங்களுக்கென்று செயிண்ட் லூயிஸ் போனவர், முப்பது வருடம் வேலை பார்த்தார்.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன? 1952-ல் புற்றுக்கட்டி வளர்ந்த இரண்டு எலிகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரியோ டி ஜெனிரோவுக்கு விமானம் ஏறினார் ரீட்டா. அங்கே கண்ணாடித் தட்டில் கோழிக் கருவின் நரம்பு முடிச்சுக்குப் பக்கத்தில் கட்டியின் துணுக்கை வைத்தார். ஒரே நாளில், சூரியனைச் சுற்றிக் கதிர் மாதிரி நரம்பு இழைகள் முளைத்து நின்றன!

கட்டியிலிருந்து ஏதோ கசிகிறது. அதைப் பிரித்தெடுக்க வந்தவர் ஸ்டான்லி கோஹன். சுத்தப்படுத்துவதற்காகப் பாம்பு விஷத்தைச் சேர்த்தார். பார்த்தால், கட்டியைவிட விஷத்திலேயே சரக்கு அதிகம்! விஷம் சுரப்பது உமிழ்நீர்ச் சுரப்பி மாதிரி ஒன்றில்தானே? எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைத் தோண்டினார்கள். அங்கேயும் கிடைத்தது. அது ஒரு புரதம். நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர்.

அது செய்வது தபால்காரர் வேலை. நரம்பு இழையின் நுனியில் வந்து ஒட்டும், அவ்வளவுதான். உள்ளே சாரம் கட்டினாற்போல் புரத இழைகள் இருக்கின்றன. தகவல் வந்ததும் அந்தச் சாரம் ஒரு பக்கம் பிரியும், மறுபக்கம் கட்டப்படும். செல்லின் வடிவம் மாறும், நுனி நகரும். தபால் வராத செல்லுக்குச் சாவுதான். 2018-ல் அமெரிக்கா அனுமதித்த ஒரு கண் சொட்டு மருந்தே இந்தப் புரதம்தான். நரம்பு பழுதாகி ஆறாமல் கிடக்கும் கருவிழிப் புண்ணுக்குப் போடுகிறார்கள்.

1986-ல் ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் நோபல். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே போ என்று சட்டம் போட்ட அதே இத்தாலி, 2001-ல் அவரை ஆயுட்கால செனட்டர் ஆக்கியது. 2012-ல் இறந்தபோது வயது 103. முசோலினி போய்ச் சேர்ந்து அறுபத்தேழு வருடம் ஆகியிருந்தது.