அம்மம்மாவின் அம்மா யார்?

கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவிகளிடம் அவர்களின் பிள்ளைகள் இப்போது கேட்கும் கேள்வி இது. பதில் சொல்லக் காகிதம் இல்லை. 1990இல் தலைமன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளமேறிய குடும்பங்களில் எத்தனை பேர் பிறப்புச் சான்றிதழை நினைத்தார்கள்? நமக்கு மிஞ்சியிருப்பது பங்குக் கோவிலின் பதிவேடுதான்.

மன்னாரில் வேதம் பழையது. 1544இல் சங்கிலி மன்னனின் படையால் கொல்லப்பட்டவர்களைத் தோட்டவெளி ஆலயம் இன்றும் நினைவுகூருகிறது. ஆனால் அறுபடாத ஏட்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமார் விரட்டப்பட்டனர். 1687இல் இலங்கைக்கு வந்த யோசேவ்வாஸ் அடிகளாரும் மாறுவேடத்திலேயே நடமாடவேண்டியிருந்தது. அரசாங்கப் பிறப்புப் பதிவோ 1867இல்தான் தொடங்கியது.

ஏடு கிடைத்தாலும் பெயர் கிடைக்காது. குருமார் லத்தீனில் எழுதிய பக்கங்களில் இராயப்பு 'பேத்ருஸ்' ஆகிவிடுவார், சூசை 'யோசேபுஸ்', சந்தியோகு 'யாக்கோபுஸ்'. நாமும் இராயப்புவை இரண்டு நாள் தேடினோம். அவர் முதல் நாள் புரட்டிய பக்கத்திலேயே இருந்தார்!

தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைக்கும் வழக்கத்தால் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுகிறது. சூசை மகள் மரியாள் ஒரே ஊரில் பலர். அவர்களைப் பிரித்தறியத் தாயின் பெயரும் ஞானத்தாயின் பெயரும் வேண்டும். ஞானத்தாய் பெரும்பாலும் பெரியம்மாவோ மாமியோதான். பள்ளிக்கூட இடாப்பில் நாம் தகப்பன் பெயரோடு நின்றோம். ஞானஸ்நான ஏட்டில்தான் எம் அம்மாமார் இருக்கிறார்கள்.

விவாக ஏட்டையும் விடவேண்டாம். மச்சானைக் கட்டத் திருச்சபையின் விலக்கு வேண்டும். அதற்காகக் குருவானவர் உறவின் படியைக் குறிப்பார். இரண்டாம் படி என்றிருந்தால் இருவருக்கும் பாட்டன் பாட்டி ஒருவரே. எமது குடும்பத்தில் யாரும் சொல்லாமல் விட்ட ஒரு சொந்தம் அப்படித்தான் வெளிப்பட்டது.

1908இன் பின், திருமணம் நடந்த இடத்தையும் நாளையும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கும் விதி வந்தது. வெளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணை அந்த ஓரக்குறிப்பு காட்டிக்கொடுக்கும்.

ஊருக்கு வருமுன் தாயின் பெயர், கோவில், ஏறக்குறைய ஆண்டு ஆகிய மூன்றையும் பங்குத்தந்தைக்கு எழுதிவிடுங்கள். கரையோர உப்புக்காற்றில் தாள்கள் உதிர்கின்றன. புரட்டுவதை அவர் கையிலேயே விடுங்கள். வீட்டில் வயதான மாமிமார் இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள். ஏடு இன்னும் சில காலம் இருக்கும்.