மயக்க மருந்தும் செவிலியரின் கைத்திறனும்: அமெரிக்க வரலாறு

நோயாளியிடம் நேரடியாகச் செய்யும் சிகிச்சைப் பணிகளில் மருத்துவரின் கை தேர்ந்ததா, செவிலியரின் கை தேர்ந்ததா என்பது பழைய விவாதம். அமெரிக்காவில் இவ்விவாதம் மயக்க மருந்து கொடுக்கும் பணியை முன்னிட்டு நீதிமன்றம் வரை சென்றது.

மாணவர் கையில் ஈதர்

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவி கொடுத்து ஒரு நோயாளியை மயக்கினார். அவரது கழுத்துக் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. வலியில்லா அறுவை விரைவில் உலகெங்கும் பரவியது. ஆனால் ஈதரை யார் கொடுப்பது என்பதைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. புகழும் கட்டணமும் கத்தி பிடித்தவருக்கே சென்றன. முகமூடி பிடிக்கும் வேலை பெரும்பாலும் மருத்துவ மாணவர் அல்லது பயிற்சி மருத்துவரின் தலையில் விழுந்தது. அவரது கண்ணோ அறுவை நடக்கும் இடத்திலேயே இருந்தது. அதைக் கற்கத்தானே அவர் வந்திருந்தார்!

பிற்காலத்தில் மூளை அறுவை மருத்துவத்தின் முன்னோடியாகப் புகழ்பெற்ற ஹார்வி குஷிங், ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் இறந்துபோனார். எப்படிக் கொடுப்பது என்று அவருக்கு முறையாக யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை. மனமுடைந்த அவர் மருத்துவப் படிப்பையே விட்டுவிட எண்ணினார். பின்னர் 1894-இல் சக மாணவர் எர்னஸ்ட் காட்மனுடன் சேர்ந்து, நாடித்துடிப்பையும் மூச்சையும் அறுவையின்போதே குறித்துவைக்கும் அட்டவணையை உருவாக்கினார். இன்றைய மயக்க மருந்துப் பதிவேடுகள் அதன் வழி வந்தவை.

ஆலிஸ் மகாவ்

மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் அன்று ஒரு சிற்றூர். அங்கு பிரான்சிஸ்கன் கன்னியர் 1889-இல் திறந்த செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் வில்லியம் மேயோ, சார்லஸ் மேயோ சகோதரர்கள் அறுவை சிகிச்சை செய்துவந்தனர். பெருநகர மருத்துவமனைகளைப் போல அவர்களுக்குப் பயிற்சி மருத்துவர்கள் இல்லை. ஆகவே செவிலியரிடம் ஈதரை ஒப்படைத்தனர். முதலில் எடித் கிரஹாம் இப்பணியைச் செய்தார். அவர் 1893-இல் சார்லஸ் மேயோவை மணந்த பின் ஆலிஸ் மகாவ் பொறுப்பேற்றார். பின்னாளில் பயிற்சி மருத்துவர்கள் வந்தபோதும் சகோதரர்கள் இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை.

மகாவ் கையாண்டது திறந்த சொட்டு முறை. கம்பிச் சட்டத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து நோயாளியின் முகத்தில் வைத்து, அதன்மேல் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சொட்டு குறைந்தால் நோயாளி அசைவார். மிகுந்தால் மூச்சு தளரும். அளவைக் காட்டக் கருவி ஏதும் இல்லை. மூச்சின் ஒலி, முகத்தின் நிறம், கண்மணியின் அளவு இவற்றை நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே விரல் இயங்க வேண்டும். மகாவ் நோயாளியிடம் இதமாகப் பேசி அச்சத்தைத் தணித்துக்கொண்டே மயக்குவார். அதனால் குறைந்த ஈதரே போதுமானதாக இருந்தது. 1906-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மயக்க மருந்து கொடுத்தும் அதனால் நேரடியாக ஒருவரும் இறக்கவில்லை என்று பதிவு செய்தார். குஷிங்கைவிட மகாவ் அறிவில் உயர்ந்தவர் என்று இதற்குப் பொருளில்லை. அவர் ஒரே வேலையை ஆண்டுக்கணக்கில், வேறு எதிலும் கண் வைக்காமல் செய்தார்.

வழக்குகள்

மயக்க மருந்தையே தொழிலாகக் கொண்ட மருத்துவர்கள் பெருகியதும் எதிர்ப்பு எழுந்தது. இது மருத்துவத் தொழில், உரிமம் இல்லாத செவிலியர் செய்யலாகாது என்றனர். கென்டக்கியில் அறுவை மருத்துவர் லூயி ஃபிராங்கும் அவரது செவிலியர் மார்கரெட் ஹாட்ஃபீல்டும் தொடுத்த வழக்கில், மருத்துவரின் மேற்பார்வையில் செவிலியர் மயக்க மருந்து கொடுப்பது மருத்துவத் தொழில் புரிவதாகாது என்று 1917-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் டாக்மார் நெல்சன் என்ற செவிலியருக்கு எதிராக மருத்துவர்கள் தொடுத்த வழக்கிலும் 1936-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் செவிலியர் பக்கமே நின்றது. பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. இந்த வழக்கில் வருமானக் கவலையும் கலந்திருந்ததை மறுக்க முடியாது.

நெல்சன் வழக்கில் மருத்துவர்களின் வாதம் வலுவற்றதல்ல. நோயாளியின் அறிகுறிகளைப் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நோய் அறிந்து முடிவெடுக்கும் செயல் அல்லவா என்று அவர்கள் கேட்டனர். அல்ல, செவிலியர் அறுவை மருத்துவரின் பணிப்பின் கீழ்தான் செயல்படுகிறார் என்றது நீதிமன்றம். திறந்த வயிற்றுக்குள் கை வைத்திருக்கும் மருத்துவர் தலைமாட்டில் விழும் சொட்டுகளை எப்படி மேற்பார்வையிட முடியும்? செவிலியரின் வேலை இத்தீர்ப்பால் காப்பாற்றப்பட்டது. ஆனால் அவர் கையோடு சேர்ந்து இயங்கிய மதியை நீதிமன்றம் கணக்கில் எடுக்கவில்லை.

இன்றைய நிலை

அமெரிக்காவில் மயக்க மருந்துச் செவிலியர் இன்றும் பெரும் எண்ணிக்கையில் பணிபுரிகின்றனர். நடுவண் அரசின் மெடிகேர் திட்டத்தில் அவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வை தேவை என்ற விதியிலிருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ள 2001-இல் வழி செய்யப்பட்டது. முதலில் விலகியது அயோவா. இரு தரப்பினரின் பணியையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2014-இல் பரிசீலித்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்காததால், யார் கை சிறந்தது என்று உறுதியாகச் சொல்ல அதனால் இயலவில்லை.