பாவோ நூர்மியின் இளமைப் பருவம்

வறிய வீட்டுப் பிள்ளைக்குப் புகழ் எட்டாக் கனியென்பார் நம்மிற் சிலர். அவர்க்கு நாம் காட்டத்தக்கது, பின்லாந்து தேசத்துத் துர்க்கு நகரில் 1897-ஆம் ஆண்டு பிறந்த பாவோ நூர்மியின் சரிதம்.

1910-இல் தச்சரான தந்தை மரிக்கவே, குடும்பம் தன் சமையலறையையும் பிறர்க்கு வாடகைக்கு விட்டு ஓரறையில் ஒடுங்கிற்று. கல்வியில் வல்லராயிருந்தும் நூர்மி பள்ளியை நீத்து, ரொட்டிக் கடையில் எடுபிடியாய் அமர்ந்தார். பாரவண்டியை மேட்டில் தள்ளித் தள்ளி அவர் காலும் முதுகும் உரமேறின.

1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயத்தில் அந்நாட்டவரான கோலெமைனன் மூன்று தங்கப் பதக்கம் பெற்றார். அச்செய்தி 15 வயதுச் சிறுவர் நெஞ்சிற் கனல் மூட்டிற்று. ஓட்டத்திற்கேற்ற காலணி வாங்கிப் பயிற்சி தொடங்கினார்.

எட்டாண்டு கழித்து, 1920-இல், ஆண்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் களம் புகுந்தார். 5,000 மீட்டர் ஓட்டத்தில் பிரெஞ்சு வீரர் கிய்மோவிடம் தோற்றார். துவண்டாரல்லர், மூன்றாம் நாள் 10,000 மீட்டரில் அவரையே வென்று தம் முதற் பொற்பதக்கம் பெற்றார். பின்னர்க் கையிற் கடிகாரம் ஏந்தி, வினாடிகளை எண்ணிச் சீராய் ஓடும் முறையைக் கைக்கொண்டார். 1928-க்குள் அவர் ஈட்டிய ஒலிம்பிக் பொற்பதக்கங்கள் 9.

ஆயினும் அன்பர்காள், வண்டி தள்ளியதே அவரை உயர்த்திற்றென்று எண்ணி நம் சிறுவரைப் பள்ளியினின்று பிரித்தல் தகாது. அவ்வாறு பிரிந்த பிள்ளைகளுள் நூர்மியானவர் ஒருவரே. வண்டியோடு நின்றவர் எண்ணிலர். ஆதலின் ஏட்டையும் ஆடுகளத்தையும் நம் மக்கட்கு ஒருங்கே அளிப்போமாக.