கொல்லையும் சட்டமும்: நேட்டால் ஒப்பந்தக் கூலிச் சட்டம் முதல் தென்னாப்பிரிக்கத் தனியுரிமைத் தீர்ப்பு வரை (1870–2024)

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 செப்டம்பர் 18ஆம் நாள் ஒரு தீர்ப்பை வழங்கியது. வயது வந்த ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தனியிடத்தில் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றமாகாது என்பது அதன் சாரம். இத்தீர்ப்பைத் தனியுரிமைக்குக் கிடைத்த வெற்றியாகக் காண்பதே பெருவழக்கு. அது பிழையன்று. ஆயினும் அத்தீர்ப்பு தளர்த்திய தடையின் வேர் இருபதாம் நூற்றாண்டின் போதைப்பொருள் சட்டங்களில் இல்லை. சென்னையிலும் கல்கத்தாவிலும் கப்பலேறிய ஒப்பந்தத் தொழிலாளருக்காக நேட்டால் குடியேற்றம் 1870இல் இயற்றிய தொழிலாளர் சட்டம் ஒன்றில் அது இருக்கிறது. அச்சட்டத்திலிருந்து 2024ஆம் ஆண்டுச் சட்டம் வரை கொல்லையில் நின்ற செடியின் சட்டநிலையைத் தீர்மானித்ததில், செடியின் தன்மையைவிடக் கொல்லை யாருடையது என்ற வினாவுக்கே பங்கு மிகுதி என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நேட்டாலில் செடியும் மக்களும்

கஞ்சாவைத் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியர் கொண்டுவரவில்லை. ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பே கிழக்குக் கடற்கரை வாணிகத்தின் வழியாக அது உள்நாட்டுக்குச் சென்றிருந்தது. கொய்கொய் மொழியிலிருந்து ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்குச் சென்ற ‘டாகா’ என்ற பெயரும், சூலு மொழியின் ‘இன்சங்கு’ என்ற பெயரும் அதன் பழமைக்குச் சான்றாகின்றன. சூலு மக்களின் குடியிருப்புகளை ஒட்டிச் செடி வளர்க்கப்பட்டது. முதிய ஆடவர் அதனைக் கொம்பாலான நீர்க்குழலில் புகைத்தனர். ஆங்கில ஆவணங்கள் இச்செடியை ‘இந்தியச் சணல்’ என்று எழுதின. உள்ளூரில் நெடுங்காலமாக வளர்ந்துவந்த ஒன்றுக்கு அயல்நாட்டுப் பெயர் சூட்டப்பட்டதை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து ‘பெல்விடியர்’ வந்து சேர்ந்தது. இவ்வாறு தொடங்கி 1911 வரை 152,184 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருவர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே ஆவர். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதத்துக்கு 10 ஷில்லிங் கூலி, ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியே செல்ல இயலாது. குடியிருப்பு ‘பாரக்ஸ்’ எனப்பட்ட வரிசை அறைகளில் அமைந்தது. அறையும் அதன் முன்னும் பின்னும் இருந்த நிலமும் தோட்ட உரிமையாளருக்கே உரியவை. அறைக்குப் பின்னால் ஒரு தொழிலாளி கீரை விதைத்திருந்தாலும் அது அவருக்கு உரிமையான கொல்லை ஆகிவிடாது. உரிமையாளர் தடுக்காத வரையில் நிலைத்த சலுகை அது.

புறப்பட்டு வந்த நாட்டில் நிலைமை வேறு. சென்னை மாகாணத்தில் கஞ்சா அறியப்படாத பொருளன்று. சித்த மருத்துவத்தில் அதற்கு இடமுண்டு. துறவியரிடத்தும் சில சமய வழக்குகளிலும் அதன் பயன்பாடு இருந்தது. வயல் அளவிலான சாகுபடி கிருஷ்ணா மாவட்டம், வட ஆற்காட்டின் ஜவ்வாது மலை போன்ற சில இடங்களில் மட்டுமே நடைபெற்றது. அதற்குப் புறம்பாக, வீட்டுப் புழக்கடையில் ஓரிரு செடி நிற்பது பல பகுதிகளில் இயல்பானதாக இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் அறிந்திருந்த செடி இதுவே. நேட்டாலில் சூலு அண்டை வீட்டாரிடமும் அதையே கண்டனர்.

1870ஆம் ஆண்டுச் சட்டம்

நேட்டாலின் 1870ஆம் ஆண்டின் 2ஆம் எண் சட்டம், கூலியாட்கள் பற்றிய முந்தைய சட்டங்களை ஒருங்கு தொகுத்தது. தமிழில் உழைப்புக்குப் பெறும் ஊதியத்தைக் குறிக்கும் ‘கூலி’ என்ற சொல், அச்சட்டத்தில் ஒரு மக்கட் கூட்டத்தின் சட்டப் பெயராக நிற்கிறது. கூலியாட்கள் எவரும் கஞ்சாச் செடியின் எப்பகுதியையும் புகைத்தல், பயன்படுத்துதல், வைத்திருத்தல் ஆகியவற்றையும், அவர்களுக்கு அதனை விற்றல், பண்டமாற்றுச் செய்தல், கொடையாகத் தருதல் ஆகியவற்றையும் அச்சட்டம் தடை செய்தது.

இத்தடையின் எல்லை கூர்ந்து நோக்கத்தக்கது. அது செடியைத் தடை செய்யவில்லை; ஒரு மக்கட் கூட்டத்துக்குச் செடியைத் தடை செய்தது. அதே மாவட்டத்தில், அதே கரும்புத் தோட்டத்தின் எல்லையில், சூலு குடியிருப்பின் ஓரத்தில் நின்ற செடி அச்சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. உடல்நலனே சட்டத்தின் நோக்கமாக இருந்திருப்பின் இவ்வேறுபாட்டுக்கு விளக்கம் இல்லை. அனுமதிச் சீட்டு, பணிக்கு வாராமை, ஒப்பந்த மீறல் ஆகியவற்றுக்கான விதிகள் நிறைந்த ஒரு சட்டத்தில் கஞ்சாத் தடையும் ஒன்றாக இருந்ததே அதன் நோக்கத்தைப் புலப்படுத்தும். இழக்கப்படும் வேலைநாளே அரசின் கவலை.

இதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடித்துத் தாயகம் திரும்பும் இலவசக் கப்பல் பயண உரிமையை விட்டுக்கொடுப்பவர், அதற்கீடான மதிப்புள்ள அரசு நிலத்தைப் பெறலாம் என்றது அது. கொல்லையை ஆசை காட்டியதும், அக்கொல்லையில் எது இருக்கக்கூடாது என்று வரையறுத்ததும் ஒரே சட்டம்தான். நிலம் பெற்றோர் மிகச் சிலரே. அவ்விதியும் நாளடைவில் கைவிடப்பட்டது. கஞ்சாத் தடையோ நீடித்தது.

நீதிபதி வால்டர் ராக் தலைமையில் 1885இல் அமைக்கப்பட்டு 1887இல் அறிக்கையளித்த ஆணையம், இந்தியரின் கஞ்சாப் பழக்கத்தையும் விசாரித்தது. அதனை உழைப்புத் திறனைக் கெடுக்கும் தீங்காகவே அவ்வாணையம் கண்டது. ஒப்பந்தம் முடிந்த இந்தியர் தரிசு நிலங்களைத் திருத்திக் காய்கறி, மக்காச்சோளம், புகையிலை, பழமரங்கள் பயிரிட்டு டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரங்களின் அங்காடிகளை நிறைத்ததையும் அதே அறிக்கை பதிவு செய்கிறது. கட்டுண்ட தொழிலாளி ஐயத்துக்குரியவர். விடுபட்ட தோட்டக்காரர் பாராட்டுக்குரியவர். எனினும் அப்பாராட்டு வெள்ளை வணிகரின் அச்சத்தைத் தணிக்கவில்லை. 1895ஆம் ஆண்டின் 17ஆம் எண் சட்டம், ஒப்பந்தம் முடித்து அங்கேயே தங்குவோர்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரியைச் சுமத்தியது. தோட்டம் வைத்து வாழ்வதற்குரிய விலையாகவே அவ்வரி அமைந்தது.

ஏறத்தாழ இதே காலத்தில் இந்தியாவில் நடந்ததை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். பிரித்தானிய நாடாளுமன்றத்தில் வில்லியம் கெய்ன் 1893இல் எழுப்பிய வினாவின் விளைவாக இந்தியக் கஞ்சா மருந்துகள் ஆணையம் அமைந்தது. மேக்வொர்த் யங் தலைமையில் அது 1,193 சாட்சிகளிடம் வாக்குமூலம் பெற்று 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தது. அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை தேவையற்றது, உரிமமும் வரியும் போதும் என்பவை அதன் முடிவுகள். வங்காளத்தில் ராஜ்ஷாஹியின் நவ்காவ் போன்ற குறிப்பிட்ட பகுதிக்குள் சாகுபடியை ஒடுக்கி, அரசின் கண்காணிப்பில் வைக்கும் முறை அதற்கு உகந்ததாகத் தோன்றியது. இம்முறையில் புழக்கடைச் செடிக்கு இடமில்லை. அதன் தீமையைக் கருதி அதனை விலக்கவில்லை. அது வரி கட்டாது என்பதே சிக்கல். ஒரே பேரரசு ஒரே செடியை இந்தியாவில் வருவாய்க் கணக்கிலும் நேட்டாலில் வேலைநாள் கணக்கிலும் எழுதியது. இரு கணக்கிலும் கொல்லைக்காரர் குற்றவாளிப் பக்கத்திலேயே நின்றார்.

களையாக மாறிய செடி

1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவான பின்னர், ஒரு மக்கட் கூட்டத்துக்குரிய தடை அனைவருக்குமான தடையாக விரிந்தது. 1922ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள் கஞ்சாவைப் பழக்கத்துக்கு அடிமையாக்கும் பொருள்களுள் சேர்த்தன. மறு ஆண்டே அவ்வரசு, இந்தியச் சணலையும் அபினி முதலியவற்றோடு பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருமாறு நாடுகளின் கழகத்துக்கு எழுதியது. 1925 ஜெனீவா மாநாட்டில் எகிப்து அக்கோரிக்கையை வலுவாக முன்வைத்தது. உடன்படிக்கையில் கஞ்சாவும் இடம்பெற்றது. உலகளாவிய தடையின் தொடக்கத்தில், நேட்டால் கரும்புத் தோட்டத்தின் அனுபவத்தைச் சுமந்த ஓர் அரசின் கடிதம் இருந்தது என்பது வரலாற்றாசிரியர் போதிய அளவு அழுத்திச் சொல்லாத செய்தி. 1928ஆம் ஆண்டின் மருத்துவ, பல்மருத்துவ, மருந்தகச் சட்டம் உள்நாட்டுத் தடையை உறுதிப்படுத்தியது.

கொல்லையின் வரலாற்றில் 1937ஆம் ஆண்டின் களைச் சட்டம் தனித்து நிற்கிறது. நிலத்தில் கஞ்சா வளராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அது நிலத்தின் உரிமையாளர்மீதும் குடியிருப்போர்மீதும் வைத்தது. விதைத்தவர் யார் என்ற வினா பின்னுக்குச் சென்றது. நிலத்தில் செடி நிற்பதே குடியிருப்பவரின் கடமை தவறலாயிற்று. உழவனுக்குக் களை என்பது பயிருக்கு இடையூறானது. இச்சட்டத்தில் களை என்பது அரசுக்கு இடையூறானது.

இதற்கிடையே கொல்லைகளே பறிபோயின. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் டர்பன் நகரையொட்டிய கேட்டோ மேனர் முதலிய இடங்களிலிருந்து இந்தியரையும் ஆப்பிரிக்கரையும் வெளியேற்றியது. மூன்று தலைமுறையாகக் காய்கறி விளைவித்த தமிழ்க் குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கும், 1970களின் பிற்பகுதியில் ஃபீனிக்ஸுக்கும் குடிபெயர்க்கப்பட்டன. அங்கு அவர்களுக்குக் கிடைத்தவை ஒட்டுச்சுவர் வீடுகளும் அவற்றின் பின்னால் சிறு துண்டு நிலமும். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் அது போதும், பிழைப்புக்குப் போதாது.

1971ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயக் குறைந்தபட்சச் சிறைத்தண்டனையைக் கொண்டுவந்தது. 1992ஆம் ஆண்டின் 140ஆம் எண் சட்டம் ‘வாணிகம் செய்தல்’ என்ற சொல்லின் வரையறைக்குள் சாகுபடியையும் அடக்கியது. இதன்படி தாமே பயன்படுத்துவதற்காக ஒரு செடி வளர்த்தவரும் சட்டத்தின் பார்வையில் வணிகரே; 25 ஆண்டுவரை சிறைக்கு உரியவர். 115 கிராமுக்கு மேல் வைத்திருப்பவரை வணிகர் எனக் கொள்ளும் ஊகவிதியும், பயிர்நிலத்தில் செடி காணப்பட்டால் நிலத்துக்குப் பொறுப்பானவரையே வணிகராகக் கொள்ளும் ஊகவிதியும் அச்சட்டத்தில் இருந்தன. முதலாவது 1995இலும் இரண்டாவது 1997இலும் அரசியலமைப்பு நீதிமன்றத்தால் நீக்கப்பட்டன. 1937இல் நிலத்தின்மேல் ஏற்றப்பட்ட குற்றம் நிலத்திலிருந்து இறக்கப்பட அறுபது ஆண்டுகள் ஆயின.

‘தனியிடம்’ என்னும் சொல்

காரெத் பிரின்ஸ் ராஸ்தஃபாரி நெறியைச் சார்ந்த சட்டப் பட்டதாரி. கஞ்சா வைத்திருந்ததற்காக முன்பு தண்டிக்கப்பட்டிருந்ததாலும், தொடர்ந்து பயன்படுத்தப்போவதாக ஒளிக்காமல் கூறியதாலும் வழக்குரைஞர் பயிற்சிக்குப் பதிவு மறுக்கப்பட்டவர். மதவுரிமையை முன்வைத்து அவர் தொடுத்த வழக்கு 2002இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. பின்னர் அவரும் பிறரும் தனியுரிமையை முன்வைத்தனர். மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் 2017 மார்ச்சில் அதனை ஏற்று, ‘தனிக் குடியிருப்பு’க்குள் வளர்ப்பதற்கு விலக்களித்தது. 2018இல் பொறுப்புத் தலைமை நீதிபதி ரேமண்ட் சோண்டோ எழுதிய ஒருமனதான தீர்ப்பு அச்சொல்லை விரித்து, ‘தனியிடம்’ என்றாக்கியது. வீட்டுக்கு வெளியிலும் தனியிடம் இருக்கலாம் என்பது காரணம். எத்தனை செடி என்பதை நீதிமன்றம் வரையறுக்கவில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கானதா என்பதைச் சூழ்நிலை கொண்டு முடிவு செய்ய விட்டது.

எண்ணிக்கையை நாடாளுமன்றம் தேடியது. 2020ஆம் ஆண்டு வரைவு, தனித்து வாழும் ஒருவருக்குப் பூக்கும் நிலையில் 4 செடிகள், வயது வந்தோர் இருவரோ அதற்கு மேலோ வாழும் வீட்டுக்கு 8 செடிகள் என்று வகுத்தது. 2024 மே 28ஆம் நாள், பொதுத் தேர்தலுக்கு முந்தைய நாளில், குடியரசுத் தலைவர் ராமபோசா ஒப்பமிட்ட சட்டம் அளவுகளைப் பின்னர் வரும் விதிகளுக்கு விட்டுவிட்டது. ‘வீட்டுக்கு இத்தனை’ என்று எண்ணிய வரைவு, வீடு என்பது சுவரும் வேலியும் உடையது என்று கொண்டே எண்ணியது. பின்கொல்லை இல்லாத அடுக்குக் குடியிருப்பிலும், ஒரே முற்றத்தில் பல குடும்பங்கள் அண்டிய தகரக் குடிசைகளிலும் அவ்வெண்ணிக்கையை எவ்வாறு பொருத்துவது? ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ‘பாரக்ஸ்’ வரிசையில் இதே வினாவை எழுப்பவே வழியிருக்கவில்லை. அங்கே தொழிலாளிக்குரிய தனியிடம் என்ற ஒன்று சட்டத்தில் இல்லை.

கிழக்குக் கேப் மாநிலத்தின் பாண்டோலாந்தில் தலைமுறைகளாகச் சிறு நிலங்களில் கஞ்சா பயிரிட்டு, அதனை விற்றுப் பள்ளிக் கட்டணமும் உணவுச் செலவும் ஈட்டிவந்த குடும்பங்கள் உள்ளன. காவல்துறை ஹெலிகாப்டர்களிலிருந்து களைக்கொல்லி தெளித்து அவர்களின் பயிரை அழித்து வந்தது. கஞ்சாவோடு மக்காச்சோளமும் கருகுவதாக அம்மக்கள் முறையிட்டனர். 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு இவர்களைத் தொடவில்லை. செடி அவர்களின் சொந்த நிலத்தில்தான் நின்றது. ஆனால் அது சொந்தப் பயன்பாட்டுக்கானதன்று, விற்பனைக்கானது. 2024ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விற்பனை குற்றமாகவே தொடர்கிறது. வேலியிட்ட தோட்டத்தில் நான்கு செடி வளர்க்கும் நகரவாசிக்குத் தனியுரிமை காப்பாகிறது. விற்றுப் பிழைக்கும் பாண்டோலாந்து உழவர் வணிகக் குற்றத்துக்கான பிரிவின்கீழேயே இன்றும் வைக்கப்பட்டுள்ளார்.