விதியில் ஒரு வரி மாறினால்: சடுகுடுவின் மூன்று கணக்குகள்

ஒரு விளையாட்டின் வரலாறு என்றால் வழக்கமாக வீரர்களின் பெயர்களையும் கோப்பைகளையும் வரிசையாகச் சொல்வார்கள். எனக்கு ஆர்வம் விதிப்புத்தகத்தில்தான். விதியில் ஒரு வரி மாறினால் போதும், நேத்துவரை ஓரமா உட்கார்ந்திருந்தவன் இன்னைக்கு அணிக்குத் தூண் ஆயிடுவான். நேத்தைய தூண் வெளியே உட்காருவான். கபடியின் கதையை அப்படியும் படிக்கலாம்.

முதலில் கபடிக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி தோன்றும் ஒரு உதாரணம். போக்கிமான் வீடியோ கேமின் அதிகாரபூர்வப் போட்டிகளில் ஒவ்வொருவரும் 6 பூதங்கள் கொண்ட அணியோடு வருவார்கள். எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு, தன் ஆறில் நாலை மட்டும் தேர்ந்தெடுத்து, இரண்டிரண்டாகக் களத்தில் இறக்க வேண்டும். எந்தெந்தப் பூதங்களுக்கு அனுமதி என்பது சீசனுக்கு சீசன் மாறும். 2014இல் காலோஸ் என்ற கற்பனைப் பிரதேசத்தின் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும்தான் அனுமதி. அந்த வருஷம் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் சேஜுன் பார்க் பச்சிரிசு என்ற மின்சார அணிலைக் கொண்டுவந்தார். பேரைக் கேட்டால் நமக்குப் பச்சரிசி ஞாபகம் வரும். பலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அதனிடம் இரண்டு சங்கதி இருந்தது. எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஒரு வித்தை. மின்சாரத் தாக்குதல் பட்டால் காயப்படாமல் தெம்பு ஏறுகிற உடம்பு. அவருடைய முக்கிய அடிதடிக்காரனான கியாரடோஸுக்கு மின்சாரம்தான் எமன். பக்கத்தில் பச்சிரிசு நின்றால் அந்த எமன் வரமாட்டான். டோகெகிஸ் மாதிரி அடியை இழுக்கத் தெரிந்த பெரிய கைகள் அந்த வருஷப் பட்டியலிலேயே இல்லை. சேஜுன் பார்க் உலக சாம்பியன் ஆனார்.

இதில் பாடம் எளியது. பச்சிரிசு திடீரென்று பலசாலி ஆகவில்லை. விதி ஒரு இடத்தைக் காலியாக்கியது. அந்தக் காலியிடத்தின் அளவுக்குப் பச்சிரிசு கச்சிதமாகப் பொருந்தியது. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம்ம சடுகுடுவைப் பார்ப்போம்.

சடுகுடு ஒரே ஆட்டம் இல்லை. தமிழ்நாட்டில் சடுகுடு, ஆந்திராவில் செடுகுடு, மகாராஷ்டிரத்தில் ஹுதூதூ, வங்காளத்தில் ஹாடுடு என்று பாட்டும் பேரும் ஊருக்கு ஊர் வேறு. கோட்டைத் தாண்டி மூச்சு விடாமல் பாடிப் போய், தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது மட்டும்தான் பொது. மற்றதெல்லாம் அந்தந்த ஊர்ச் சட்டம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஷ்டிர உடற்பயிற்சி அமைப்புகள் இதற்கு எழுத்தில் விதி எழுத ஆரம்பித்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் அங்கே ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்திய கபடி சம்மேளனம் உருவானது. இப்படி ஒரே விதிப்புத்தகத்தை நோக்கிப் போகும்போது, ஏற்கெனவே இருந்த ஆட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: சஞ்சீவனி, காமினி, அமர். மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு கேள்விதான். அவுட்டானவன் என்ன ஆவான்?

காமினியில் அவுட்டானவன் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். ஒரு பக்கம் ஏழு பேரும் அவுட்டாகும்வரை ஆட்டம் ஓடும்; கடிகாரம் கிடையாது. ஏழு பேரையும் காலி செய்த அணிக்கு ஒரு புள்ளி. பிறகு எல்லோரும் உள்ளே வந்து மறுபடி முதலிலிருந்து. சஞ்சீவனியில் எதிரணியில் ஒருவனை அவுட்டாக்கினால் நம்ம ஆள் ஒருவன் திரும்ப வருவான், அதுவும் வெளியே போன வரிசைப்படி. ஆட்டத்துக்கு நேர வரம்பு உண்டு. அமரில் அவுட்டானாலும் ஆள் வெளியே போவதில்லை. எதிரணிக்குப் புள்ளி மட்டும் சேரும்.

சாஃப்ட்வேர்க்காரன் புத்தி எனக்கு. உடனே பின்னூட்டச் சுழல் கண்ணில் படுகிறது. காமினியில் ஒருவன் போனால் அடுத்தவன் போவது எளிது, மூன்று பேர் போனால் மிச்ச நாலு பேர் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பனியுருண்டை மாதிரி தோல்வி பெருத்துக்கொண்டே போகும். அதனால் காமினியில் கெட்டிக்காரத் தலைவன் தன் சிறந்த ஆளை முதலில் அனுப்பமாட்டான். அவனை இழந்தால் அந்தப் பாட்டம் முழுக்க அவன் இல்லை. சின்ன ஆட்களை அனுப்பி எதிரணியை ஆழம் பார்த்துவிட்டு, கடைசியில்தான் பெரிய கையை இறக்குவான். சஞ்சீவனியில் இதே கணக்கு தலைகீழ். பெரிய கை முதலில் போய் மாட்டினாலும் பரவாயில்லை, ஒரே ஒரு புள்ளி எடுத்தால் முதலில் திரும்புகிறவன் அவன்தான். துணிச்சலுக்கு விலை குறைந்துவிட்டது. அமரிலோ பாடிப் போகிறவன் எப்போதும் ஏழு பேரையும் சந்திக்க வேண்டும். ஆள் குறைந்த களத்தில் எப்படித் தாக்குப்பிடிப்பது என்ற கலைக்கு அங்கே வேலையே இல்லை.

பஞ்சாபின் வட்டக் கபடியையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே பாடி வருபவனை ஒரு நேரத்தில் ஒரே ஒரு தடுப்பாளன்தான் பிடிக்கலாம். கையைக் கோத்துச் சங்கிலி போட்டு வளைக்கிற நம்ம ஊர்ப் பிடிக்கு அங்கே இடமில்லை. விளைவு, அங்கே மல்யுத்த உடம்புக்கு மதிப்பு. இங்கே பக்கத்தில் நிற்பவன் எப்போது பாய்வான் என்று பார்க்காமலே தெரிந்துகொள்கிறவனுக்கு மதிப்பு. ஆட்டத்தின் பேர் ஒன்றுதான்.

நாஞ்சில் நாடு என்றால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். கும்பப்பூ அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் கோடையில் நாங்கள் ஆடினது பெரும்பாலும் காமினிதான், அந்தப் பேர் அப்போது யாருக்கும் தெரியாது என்றாலும். கடிகாரம் கிடையாது, இருட்டுகிற வரைக்கும் ஆட்டம். யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கு. கடிகாரமும் எண்ணிக்கைப் பலகையும் வேண்டாத விதி அது ஒன்றுதான். வெளியே உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணினால் ஸ்கோர் தெரிந்துவிடும். வயலுக்கு அந்த விதிதான் சரி. பெரிய மைதானத்துக்கும் பன்னாட்டுப் போட்டிக்கும் எப்போது முடியும் என்று தெரியாத ஆட்டம் சரிப்படாது. அங்கே சஞ்சீவனி ஜெயித்தது. 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி பதக்கப் பந்தயமானபோது உலகம் பார்த்தது சஞ்சீவனி வழி வந்த ஆட்டத்தைத்தான். அங்கிருந்து 2014 இஞ்சியோன் வரை தொடர்ந்து 7 தங்கம் இந்திய ஆண்களுக்கு.

ஆனால் சஞ்சீவனியிலும் ஒரு ஓட்டை உண்டு. ஐந்து புள்ளி முன்னால் இருக்கும் அணி என்ன செய்யும்? பாடிப் போய், கோட்டோரம் சும்மா நின்று, திரும்பி வரும். நேரம் கரைந்தால் வெற்றி. ஆடுகிறவனுக்கு அது புத்திசாலித்தனம், பார்க்கிறவனுக்குக் கொட்டாவி. 2014 ஜூலை 26 அன்று தொடங்கிய புரோ கபடி லீக் தொலைக்காட்சிக்காக நடத்தப்பட்ட ஆட்டம். கொட்டாவி அங்கே கட்டுப்படியாகாது. அதனால் லீக்கின் விதிப்புத்தகம் இந்த ஓட்டையைக் குறிவைத்தது. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையாக வந்தால் மூன்றாவது 'டூ ஆர் டை': புள்ளி எடுக்கணும், இல்லை என்றால் ரைடர் அவுட். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', ஒன்றுக்குப் பதில் 2 புள்ளி.

இந்த மூன்றும் சேர்ந்து செய்த வேலையைப் பாருங்கள். 30 விநாடிக் கடிகாரம் மூச்சின் மதிப்பைக் குறைத்தது. பழைய சடுகுடுவில் நீளமான மூச்சு தனி ஆயுதம். தம் கட்டி உள்ளே சுற்றிக்கொண்டே இருப்பவன் எதிராளியின் பொறுமையைச் சோதித்துத் தவறு செய்ய வைப்பான். இப்போது பாடியே ஆகணும் என்ற விதி அப்படியே இருக்கு, ஆனால் மூச்சு முட்டுவதற்கு முன்னால் கடிகாரம் முட்டிவிடும். 'டூ ஆர் டை' ஒரு புது உத்தியோகத்தையே உண்டாக்கியது. முதல் இரண்டு ரெய்டைப் பத்திரமாக விட்டுவிட்டு, மூன்றாவதுக்கென்றே ஒருவனை அணிகள் வைத்துக்கொள்ளத் தொடங்கின. நெருக்கடியில் ஒரே ஒரு தொடுகை எடுக்கத் தெரிந்தால் போதும், அவனுக்கு அணியில் இடம் உண்டு. சூப்பர் டேக்கிள் அந்தப் பனியுருண்டைக்கு எதிராக வைத்த ஒரு ஸ்பிரிங். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு ஆள் குறையக் குறைய, ஒரு நல்ல பிடிக்கு விலை கூடுகிறது.

அந்த விலையை வசூலிக்கத் தெரிந்தவர்கள் அனுபவசாலிகளான மூலைத் தடுப்பாளர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் 40 வயதைத் தாண்டியும் லீக்கில் ஆடினார், 2016இல் பாட்னா அணிக்குத் தலைவராகக் கோப்பையும் வாங்கினார். முதல் சீசனில் ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் காசிநாதன் பாஸ்கரனும் தமிழர்தான். மூன்று பேர் நிற்கும் களத்தில் வேகத்தைவிட எப்போது அசையாமல் நிற்பது என்ற அறிவுக்குக் கூலி அதிகம். அந்த அறிவு வயசோடு வருவது.

இதே விதிகள் இந்தியாவுக்கு வெளியேயும் ஆள் தயார் செய்தன. ஃபசல் அத்ராசலி போன்ற ஈரானியர்கள் லீக்கில் வருஷாவருஷம் ஆடிப் பழகினார்கள். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி அரையிறுதியில் ஈரான் 27-18 என்று இந்தியாவை வீழ்த்தியது. ஏழு தங்கத்தின் தொடர் அங்கே அறுந்தது.

இந்தக் கதையின் உச்சம் 2023 அக்டோபர் 7, ஹாங்சோ இறுதிப் போட்டி. மறுபடி இந்தியா, ஈரான். ஸ்கோர் 28-28, சில நிமிடம்கூட மிச்சமில்லை. பாடிப் போனவர் பவன் செஹ்ராவத், 2022இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த அதே பவன். அவர் யாரையும் தொடாமலே பக்கவாட்டு லாபிக்குள் போய்விட்டார். ஈரானியத் தடுப்பாளர்களும் பின்னாலேயே உள்ளே போய்விட்டார்கள். தொடுகை நடக்காதவரை லாபி ஆடுகளத்தில் சேர்த்தி இல்லை. அப்போ அவுட் யார்? பழைய விதிப்படி உள்ளே போன எல்லோரும். லீக்கில் பழகிய புது விதிப்படி ரைடர் மட்டும். களத்தில் நின்றவர்களில் பலர் இரண்டாவது விதியில் ஆடிப் பழகியவர்கள், நடுவர்கள் கையில் இருந்தது வேறு புத்தகம். தீர்ப்பு இப்படியும் அப்படியும் மாற, இரண்டு அணியும் மாறி மாறித் தரையில் உட்கார, ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் 33-29 என்று இந்தியாவுக்குத் தங்கம்.

பலரும் அதை நடுவர்களின் குழப்பமாகப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தது, ஒரே களத்தில் இரண்டு விதிப்புத்தகங்கள் மோதிக்கொண்டது. ஒரு வீரனின் உடம்பு விதியை மனப்பாடம் செய்து வைத்திருக்கும். கால் லாபியைத் தொடும் அந்தக் கணத்தில் யாரும் யோசிப்பதில்லை. எந்த விதியில் வளர்ந்தானோ அந்த விதிதான் அவனை நகர்த்தும்.

இதன் சூடு ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் படும். இன்னைக்கும் நம்ம பக்கம் கபடிப் போட்டி நோட்டீஸில் முதலில் கண்ணில் படுவது எடை வரம்பு. அதுவும் ஒரு விதிதான், அணியில் யார் யார் என்பதை அதுவே பாதி தீர்மானித்துவிடும். மண்தரையில், வெறுங்காலில், ஊர் விதியில் வளர்ந்த பையன் தேர்வுக்குப் போனால் அங்கே ரப்பர் விரிப்பு, ஷூ, 30 விநாடி. மண்ணில் காலைப் புதைத்து நிற்கத் தெரிந்தவனுக்கு விரிப்பில் புதைக்க இடமில்லை. அவன் திறமை குறையவில்லை. அதை அளக்கும் படிதான் மாறிவிட்டது. அவன் தேறவில்லை என்றால் 'ஆட்டம் போதாது' என்று ஒற்றை வரியில் எழுதிவிடுவார்கள். எந்த ஆட்டம் என்று யாரும் கேட்பதில்லை.

போக்கிமான் போட்டிகளில் சீசன் தொடங்கும் முன்பே விதிப்பட்டியலை வெளியிட்டுவிடுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து அதற்குத் தக்கபடி அணி கட்ட அவகாசம் உண்டு. ஊர்ப் பையனுக்கும் அதே அவகாசம் வேண்டும். பள்ளிக்கூட மைதானத்திலேயே, பதிமூன்று வயசிலேயே, இரண்டு விதியையும் ஆடிப் பழகட்டும். ஒரு நாள் காமினி, ஒரு நாள் லீக் விதி. ஒரே ஆட்டத்தை இரண்டு கணக்கில் ஆடத் தெரிந்தவனுக்கு மூன்றாவது கணக்கு வந்தாலும் பயமில்லை. அடுத்த விதி மாற்றம் எப்படியும் வரத்தான் போகுது.